இரண்டு சென்டிமீட்டர் இடது கை

எம்-சீல் வாங்கப் போனால் ஹார்டுவேர் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எங்கம்மா ஒழுகுது?" என்பதுதான். குழாய் என்பேன், தண்ணீர் டேங்க் என்பேன். எங்கள் வீடே ஒழுகிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும். ஒரு நாள் பொய் அலுத்துப்போய், "ஒழுகலைங்கண்ணா, ஒரு கை செய்யறேன்" என்றேன். "வீட்டுக்காரர் பொம்மை கிம்மை செய்யறாருங்களா?" என்று கேட்டுவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

பொம்மை செய்வது நான்தான். சரியாகச் சொன்னால், லாரி செய்கிறேன். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தில் ஃபியூரியோசா ஓட்டும் 'வார் ரிக்' வண்டியை 1/24 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் திருச்செங்கோட்டில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் ரிக் என்றால் ஒன்றுதான்: போர்வெல் போடும் வண்டி. ஊரில் பாதிப் பேருக்கு ரிக்கில் பிழைப்பு. என் அப்பா ரிக் மெக்கானிக். வீட்டு வாசலில் மாதக்கணக்கில் வண்டிகள் நிற்கும். அண்ணன் அதன் மேல் ஏறி விளையாடுவான். நான் ஏறினால், "பொம்பளப் புள்ள ரிக்கு மேல ஏறப்படாது, எறங்கு" என்று அப்பா சத்தம் போடுவார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. முப்பது வருடம் கழித்து, ஒரு பெண் தன் ரிக்கை எடுத்துக்கொண்டு பாலைவனத்தில் பாதை மாறி ஓட்டும் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஃபியூரியோசாவுக்கு இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. அங்கே ஓர் இரும்புக் கை. பழைய வண்டிச் சாமான்களைச் சேர்த்துக் கட்டியது போன்றது. 1/24 அளவில் லாரி கிட் கிடைக்கும், சக்கரம் கிடைக்கும், ஆண் டிரைவர் பொம்மைகூடத் தேடினால் கிடைக்கும். இந்தக் கை எந்தப் பெட்டியிலும் வராது. அதைக் கையால்தான் வடிக்க வேண்டும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு விரலின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. இதற்காக மூன்று மாதம் போயிற்று. அந்த மூன்று மாதத்தில் சினிமா லாரிகளின் ஸ்டியரிங்கில் இதுவரை யாருடைய கைகள் இருந்தன என்று தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் வந்ததுதான்.

1971இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொலைக்காட்சிக்காக எடுத்த 'டூயல்' படத்திலிருந்து தொடங்கலாம். துருப்பிடித்த ஒரு பீட்டர்பில்ட் டேங்கர் லாரி, நெடுஞ்சாலையில் ஒரு கார்க்காரனைக் காரணமே இல்லாமல் துரத்துகிறது. லாரி டிரைவரின் முகம் கடைசிவரை நமக்குக் காட்டப்படுவதில்லை. அவனுடைய பூட்ஸைப் பார்க்கிறோம். ஜன்னல் வழியாக வெளியே நீளும் இடது கையைப் பார்க்கிறோம். 'முந்திப் போ' என்று அந்தக் கை சைகை காட்டுகிறது. நம்பி முந்தப் போனால் எதிரே கார் வருகிறது. முகமில்லாத ஒரு கை. ஆனால் அது ஆணின் கை என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

1978இல் வந்த சாம் பெக்கின்பாவின் 'கான்வாய்' படத்தில் ஒரு பெண் லாரி ஓட்டுகிறார். கறுப்பினப் பெண், நடித்தவர் மேட்ஜ் சின்க்ளேர். அவருடைய பாத்திரத்தின் பெயர் 'விதவைப் பெண்'. வண்டி ஓட்டுகிறவளைக்கூட, இல்லாத கணவனை வைத்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. மேட் மேக்ஸ் வரிசையிலேயே 1981இல் வந்த இரண்டாவது படத்தில் ஒரு போர்வீராங்கனை டேங்கர் மேல் நின்று சண்டையிட்டுச் செத்துப்போகிறாள். வர்ஜீனியா ஹே நடித்த அந்தப் பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. டைட்டிலில் 'வாரியர் உமன்' என்று மட்டும் வரும். அந்த டேங்கரை ஓட்டுபவன் மேக்ஸ். உள்ளே இருப்பதாக எல்லோரும் நம்பிய பெட்ரோலுக்குப் பதிலாக வெறும் மணல் இருந்தது.

1985இல் டிம் பர்ட்டனின் முதல் முழுநீளப் படத்தில் 'லார்ஜ் மார்ஜ்' என்று ஒரு லாரிக்காரி வருகிறாள். ஆலிஸ் நன் நடித்தது. இரவில் லிப்ட் கொடுப்பாள், கதை சொல்வாள், திடீரென்று முகம் கோரமாக விரியும், கண்கள் பிதுங்கித் தெறிக்கும். அவள் பேய். பத்து வருடம் முன்பே விபத்தில் செத்தவள். அந்த முகமாற்றத்தைக் களிமண்ணில் வடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்தவர்கள் சியோடோ சகோதரர்கள். ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதைப் பார்த்துப் பயந்து தூக்கத்தில் அலறியிருக்கின்றன. வேலைத்திறன் அபாரம், அதை மறுக்கவே முடியாது. களிமண்ணைத் தொடுகிற யாரும் அதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் பாருங்கள், நெடுஞ்சாலையில் தனியாக லாரி ஓட்டும் பெண்ணைக் கற்பனை செய்யச் சொன்னால் சினிமாவுக்கு விதவையும் பேயும்தான் தோன்றியிருக்கின்றன.

நிஜத்தில் நிலைமை வேறு. அமெரிக்காவின் டெக்சாஸில் லில்லி ட்ரென்னன் என்ற பெண் 1929இலேயே வணிக லாரி ஓட்ட உரிமம் வாங்கியிருக்கிறார். சிறுவயதுக் காய்ச்சலில் காது கேட்கும் திறன் பெருமளவு போய்விட்டது. காது கேட்காது என்பதைக் காட்டி உரிமம் தரத் தயங்கியபோது, 'என்னைவிடப் பாதுகாப்பாக ஓட்டிய ஓர் ஆணைக் காட்டுங்கள்' என்ற வகையில் வாதாடி வாங்கினார். விவாகரத்துக்குப் பின் லாரி கம்பெனியைத் தனி ஆளாக நடத்தினார். உடலில் ஒரு குறை, அதைச் சொல்லித் தடுத்தவர்கள், கையில் ஸ்டியரிங். ஃபியூரியோசாவின் பாட்டி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் நான் இவரைத்தான் சொல்வேன். அவரைப் பற்றி எத்தனை பேர் படம் எடுத்தார்கள்?

1991இல் 'தெல்மா அண்ட் லூயிஸ்' வந்தது. எழுதியவர் கேலி கூரி. அதற்காக ஆஸ்கர் வாங்கினார். சாலை முழுக்க ஆபாசச் சைகை காட்டிக்கொண்டே வரும் ஒரு டேங்கர் டிரைவரை இரண்டு பெண்களும் நிறுத்தி, மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். அவன் மறுக்கிறான். டேங்கரைச் சுட்டு வெடிக்க வைக்கிறார்கள். 'டூயல்' படத்தின் அந்த முகமில்லாத கைக்கு இருபது வருடம் கழித்து வந்த பதில் என்றுதான் இதை நான் பார்க்கிறேன். ஆனால் இங்கும் லாரி அவர்களுடையது இல்லை. எரிக்கத்தான் முடிந்தது.

2015 மே மாதம்தான் சாவி ஒரு பெண்ணிடம் வருகிறது. சாவி என்பதுகூடத் தவறு. வார் ரிக்கைக் கிளப்ப ஒரு வரிசையில் சுவிட்சுகளைத் தட்ட வேண்டும். அந்த வரிசையை வைத்தவள் ஃபியூரியோசா. அவளுக்கு மட்டும்தான் தெரியும். பெண்களை மணலில் விட்டுவிட்டு மேக்ஸ் வண்டியை ஓட்டிப் போகப் பார்க்கிறான். கொஞ்ச தூரத்திலேயே வண்டி நின்றுவிடுகிறது. அவள் நடந்து வந்து சேர்கிறாள். எனக்குப் படத்தில் மிகப் பிடித்த காட்சி, வெடியும் புகையும் இல்லாத இதுதான். எங்கள் அப்பாவின் ரிக்குகளிலும் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ஒயர், ஒரு தட்டு, ஒரு குலுக்கு இருக்கும். வண்டியை அறிந்தவர் கையில்தான் வண்டி இருக்கிறது. அந்த அறிவை அவர் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த டேங்கரில் தாய்ப்பால் இருக்கிறது. இம்மார்ட்டன் ஜோ என்ற கொடுங்கோலன், பெண்களை மாடு போல் கட்டிவைத்துக் கறந்த பால். 1981இன் டேங்கரில் மணல், 2015இன் டேங்கரில் பால். இரண்டையும் எடுத்தவர் அதே ஜார்ஜ் மில்லர்தான். இடையில் அவர் யாரிடமெல்லாம் பேசினார், யாரை வேலைக்கு வைத்தார் என்பது முக்கியம். பாலியல் வன்முறை பற்றிப் பல நாடுகளில் வேலை செய்த நாடகாசிரியர் ஈவ் என்ஸ்லர் நமீபியாவின் படப்பிடிப்புத் தளத்துக்கே அழைக்கப்பட்டு, மனைவியராக நடித்த பெண்களோடு பேசினார். சுமார் 480 மணி நேரக் காட்சிகளை இரண்டு மணி நேரமாக வெட்டிக் கோத்தவர் மில்லரின் மனைவியான படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸல். சண்டைப் படங்களை வெட்டிப் பழகாதவர் என்பதற்காகவே அவரை வைத்ததாக மில்லர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தப் படம் வாங்கிய 6 ஆஸ்கர்களில் படத்தொகுப்பு சிக்ஸலுக்கு, உடைகள் ஜென்னி பீவனுக்கு. ஒப்பனையிலும் கலை இயக்கத்திலும் விருது பெற்ற குழுக்களில் பெண்கள் இருந்தார்கள். இயக்கத்துக்கு வரவில்லை. கணவனுக்கு வராமல் மனைவிக்கு வந்த வீடு ஒன்றாவது இருக்கட்டும் என்று நான் சிரித்துக்கொண்டேன்.

வண்டியின் உடல் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கட்டுகிறவளுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அடியில் இருப்பது செக் நாட்டு டட்ரா லாரி. மேலே 1940களின் செவ்ரோலே ஃப்ளீட்மாஸ்டர் கார்க் கூடு. முன்னால் மண்ணை வாரும் கலப்பை போன்ற தகடு; எஞ்சின் தீப்பிடித்தால் அதைத் தரையில் இறக்கி மணலை வாரி இறைத்து அணைப்பார்கள். நான் ஓர் ஐரோப்பிய லாரி கிட்டின் சேசிஸை எடுத்து, பழைய கார் கிட் ஒன்றின் உடலை ரம்பத்தால் அறுத்து ஒட்டினேன். பைப்புகளுக்குக் கிட்டார் கம்பி, வலைக்கு டீ வடிகட்டி, சங்கிலிக்கு அறுந்துபோன கவரிங் செயின். இதெல்லாம் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம். 1/24 என்ற அளவுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. கார், லாரி மாடல் கட்டுகிறவர்களுக்கு அது 'ஸ்கேல் மாடல்' அளவு. பொம்மை வீடு கட்டுகிறவர்களுக்கு அதே 1/24, 'பாதி அளவு'. அவர்களுடைய வழக்கமான அளவு 1/12. அதே சென்டிமீட்டர், அதே பசை, அதே கண் எரிச்சல். ஒன்றின் பெயர் பொறியியல், இன்னொன்றின் பெயர் விளையாட்டு. ஆண்கள் செய்தால் மாடல், பெண்கள் செய்தால் பொம்மை.

இந்தக் கோட்டை அழித்துக் காட்டியவர் ஃபிரான்சஸ் க்ளெஸ்னர் லீ. 1878இல் சிகாகோவின் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். சகோதரன் ஹார்வர்டில் படித்தான். இவரைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. ஐம்பது வயதைத் தாண்டி, கையில் சொத்து வந்த பிறகு, 1931இல் அதே ஹார்வர்டில் சட்ட மருத்துவத் துறை தொடங்கப் பணம் கொடுத்தார். 1940களில், துப்பறியும் போலீசாருக்குப் பயிற்சி கொடுக்க, மர்ம மரணங்கள் நடந்த அறைகளை 1/12 அளவில் கட்டினார். குண்டூசிகளை வைத்துக் காலுறை பின்னினார். பிணத்தின் தோல் எந்த நிறத்துக்கு மாறியிருக்கும் என்று கணக்கிட்டு வண்ணம் பூசினார். பொம்மை வீடு என்று அவரை யார் சொல்லிச் சிரித்திருந்தாலும், அந்த வீடுகளின் முன்னால் நின்று படித்துத்தான் போலீசார் கொலையைக் கண்டுபிடிக்கக் கற்றார்கள். 18 பெட்டிகள் பால்டிமோரின் மருத்துவத் தடயவியல் அலுவலகத்தில் இருக்கின்றன. சாகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் சமையலறையிலும் படுக்கையறையிலும். அவர் வீட்டை எப்படிப் பார்த்தார் என்பது அதிலேயே தெரிகிறது.

வடிவம் கொடுத்தவளின் பெயரைப் பறித்த கதை வேண்டுமானால் மிலிசென்ட் பேட்ரிக்கிடம் போக வேண்டும். 1954இல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தின் செதில் மனிதனை வடிவமைத்தவர் அவர். யுனிவர்சல் ஸ்டுடியோ விளம்பரத்துக்காக அவரை ஊர் ஊராக அனுப்பத் தீர்மானித்தது. 'மிருகத்தைப் படைத்த அழகி' என்று முதலில் வைத்த தலைப்பு, ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோர் கோபப்பட்டதால் 'மிருகத்தோடு வாழும் அழகி' என்று மாறியது. படைத்தவள் உடன் வாழ்பவள் ஆகிவிட்டாள். சுற்றுப்பயணம் முடிந்து வந்தபோது அங்கே அவருக்கு வேலை இல்லை. அவர் பெயர் மீண்டும் பரவலாகப் பேசப்பட 2019இல் மல்லரி ஓமியாரா எழுதிய புத்தகம் வர வேண்டியிருந்தது.

நான் இதைத் தள்ளி நின்று எழுதவில்லை. போன வருடம் ஒரு கண்காட்சிக்கு என்னுடைய பழைய மாடல் ஒன்றை அனுப்பினேன். விண்ணப்பத்தில் என் பெயர், பணம் கட்டியது கணவர் கணக்கிலிருந்து. போய்ப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருந்த அட்டையில் அவர் பெயர். சொன்னேன். "ரெண்டும் ஒரே வீடுதானே மேடம்" என்றார்கள். என் கணவர் பேனாவை எடுத்து அட்டையில் அடித்து எழுதினார். அவர் எழுதியதால் ஒத்துக்கொண்டார்கள் என்பது இன்னும் உறுத்துகிறது.

சரி, கை.

முதலில் மெல்லிய செம்புக் கம்பியில் எலும்பு. அதன் மேல் இரண்டு நிற எம்-சீலையும் சமமாகப் பிசைந்து, கடுகளவு கிள்ளி ஒட்ட வேண்டும். உடனே உருவம் கொடுக்கப் பார்த்தால் ஊசியோடு ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் இறுகவிட வேண்டும். ரொம்ப விட்டால் கல். நடுவில் கிடைக்கும் சில நிமிடம்தான் நம்முடையது. தையல் ஊசியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து விரல் கணுக்களைப் பிரித்தேன். மறுநாள் நகம் தேய்க்கும் அரத்தால் சீர்செய்தேன். முன்கையின் மேல் ஒரு ஸ்பேனர், அதைப் பிணைக்கும் வார்கள், தோளுக்குப் போகும் பட்டை. நான்கு கைகள் உடைந்தன. ஐந்தாவது அழகாக வந்தது. பெரியம்மா வந்திருந்தபோது அதை எடுத்துக் காட்டினேன்.

பெரியம்மாவுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. கல்யாணமான இரண்டாம் வருடம், ஆலைக்கொட்டாயில் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது உருளை இழுத்துக்கொண்டது. அதை அவரிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஒற்றைக் கையால் மாடு கறந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அரசாங்கம் கொடுத்த ஒரு செயற்கைக் கை இருக்கிறது. ரோஜா நிறத்தில், யாருடைய தோலுக்கும் பொருந்தாத நிறத்தில். கல்யாணம் காட்சிக்கு மட்டும் மாட்டுவார். மற்ற நாளில் அது டிரங்குப் பெட்டியில், பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் இருக்கும்.

காட்டலாமா என்று தயங்கித்தான் காட்டினேன். லென்ஸை வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது ஆரு கண்ணு?"

"ஒரு சினிமாவுல வர்ற பொம்பளைங் பெரியம்மா. லாரி ஓட்டுவா."

"ஒத்தக் கையிலயா?"

"ஆமாங்."

"வாரு தப்பா வந்திருக்குது. இந்தத் தோள்லயே மாட்டுனா எட பூரா முட்டிமேலதான் உக்காரும், ரணமாப் போயிரும். எதிர்த் தோளுக்குக் குறுக்கால போவோணும்."

தன் ஜாக்கெட்டின் மேல் விரலை வைத்துக் கோடு போட்டுக் காட்டினார். நான் உடனே படத்தை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பட்டை உடம்பைக் குறுக்காகத்தான் சுற்றிப் போகிறது. நூறு முறை பார்த்த படத்தில் நான் பார்க்காததை, படமே பார்க்காதவர் தன் தோளில் பார்த்திருக்கிறார். முட்டிக்குக் கீழே மிச்சமிருக்கும் கை எப்படி முடியும் என்பதையும் நான் கத்தியால் வெட்டியது போலத் தட்டையாகச் செய்திருந்தேன். "அப்பிடி இருக்காது, பாரு" என்று முந்தானையை விலக்கி நீட்டினார். பிறந்ததிலிருந்து நான் பார்த்த கை அது. உண்மையில் அன்றுதான் பார்த்தேன். நுனியில் ஒரு பக்கம் மட்டும் மேடு, தையல் போட்ட இடம் உள்ளே இழுத்துக்கொண்ட பள்ளம். என்னை அளவெடுக்கவிட்டார். ஸ்கேலை வைத்தபோது கூசுகிறது என்று சிரித்தார்.

பிறகு கேட்டார்: "இதக் கழட்ட வருமா?"

நான் ஒட்டிவிட்டதைச் சொன்னேன்.

"வூட்டுல இருக்கறப்பவும் மாட்டீட்டேவா இருப்பா அவ?"

படத்தில் ஃபியூரியோசாவும் கழற்றுகிறாள். மேக்ஸை முதல் முறை எதிர்கொள்ளும் சண்டையில் அந்த இரும்புக் கை அவளிடம் இல்லை. மிச்சக் கையாலேயே அடிக்கிறாள். கை எப்படிப் போனது என்று அந்தப் படம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. யாரும் கேட்பதுமில்லை. நடித்த சார்லீஸ் தெரோனின் கையில் பச்சை உறை மாட்டி, பிறகு கணினியில் அழித்தார்கள். உண்மையிலேயே கை இல்லாத ஒரு நடிகைக்கு அந்த வேடம் போயிருக்கலாமே என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடுதான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டேதான் இந்தப் படத்தை நான் நேசிக்கிறேன்.

ஐந்தாவது கையை உடைத்தேன். தோள்பட்டையை எதிர்ப்பக்கம் குறுக்காக ஓட்டி, மிச்சக் கையைப் பெரியம்மாவின் அளவில், 24இல் ஒரு பங்காகச் சுருக்கி வடித்தேன். இரும்புக் கையின் உட்புறம் துளை போட்டு அரை மில்லிமீட்டர் கம்பி வைத்தேன், மாட்டலாம், கழற்றலாம். மாட்டினால் அவள் கை ஸ்டியரிங்கில் இருக்கும். கழற்றி வைக்க, சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆணியும் அடித்திருக்கிறேன். அது படத்தில் கிடையாது.

பெயிண்ட் காய்ந்ததும் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் திருச்செங்கோட்டுக்கு வண்டியை எடுத்து வருவதாகச் சொன்னேன். "உங்கொப்பங்கிட்டயும் காட்டு" என்றார்.